மொறிஸ் மைனரும் மாஸ்டா ரோட்ஸ்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பா விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. நான்கு கதவுகள் கொண்ட சலூன். என் மைத்துனரிடம் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் இருக்கிறது. இரண்டு ஆசனங்களும் துணிக்கூரையும் கொண்ட மாஸ்டா. சனிக்கிழமை மாலைகளில் இரண்டையும் திருகோணமலை டச்பே கடற்கரையோரம் அருகருகே நிறுத்தினால், கச்சான் கொட்டை வாங்க வந்தவர்கள்கூட நின்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், கேட்கப்பட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணை, இது ரெண்டும் என்ன கார்? எந்தக் காலத்துக் கார்?

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான பிரித்தானியக் கார். பின்னர் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ்தான் இதனையும் வடிவமைத்தார். பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1956இல் 948 சி.சி. எஞ்சினுடன் மைனர் 1000 என்ற பெயர் வந்தது. 1962இல் எஞ்சின் 1098 சி.சி. ஆகியது. எங்களுடையது இந்தப் பிற்பட்ட வகை. அதன் இலக்கத் தகட்டில் உள்ள சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைக் கண்டவுடன் வயதானவர்கள் 1958ஆம் ஆண்டு ஸ்ரீ எதிர்ப்புக் கதைகளைத் தொடங்கிவிடுவார்கள். அது வேறொரு பேச்சு.

ரோட்ஸ்டர் 1989இல் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமானது. உலகம் அதை மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்றும், அமெரிக்கர்கள் மியாட்டா என்றும் அழைக்கிறார்கள். யப்பானில் விற்ற முதல் தலைமுறைக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். 2016இல் இந்த வரிசையும் பத்து இலட்சத்தை எட்டியது. யப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்ரியரிங்கை மாற்றும் தொல்லை இல்லை.

எது வேகமா ஓடும்?

ரோட்ஸ்டர்தான், இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அதன் 1.6 லீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைவலுத் தருகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட 9 விநாடி அளவில் எடுக்கிறது. மைனரின் எஞ்சின் தருவது 48 குதிரைவலு. அது 96 கிலோமீற்றரைத் தொடுவதற்கே 25 விநாடி ஆகும். அதன் உச்ச வேகம் 120ஐ ஒட்டியது என்றாலும் அந்த வேகத்தில் உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியாது.

ஆனால் நமது நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைக்கு வெளியே, குடியிருப்புப் பகுதிகளில் 50, மற்ற இடங்களில் 70 என்பதுதான் கார்களுக்கான எல்லை. திருகோணமலைக்கு அருகில் அதிவேக நெடுஞ்சாலையும் இல்லை. ஆகவே இந்த ஊரில் உச்ச வேகம் என்பது காகிதத்தில் படித்து மகிழ்வதற்கான எண்ணே தவிர வேறில்லை. பயன்படுவது 40இலிருந்து 70 வரை ஏறும் வேகம்தான். கந்தளாய் வீதியில் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் ரோட்ஸ்டர் மூன்றாம் கியரில் முந்திவிட்டுத் தன் பக்கத்துக்குத் திரும்பியிருக்கும். மைனரில் எதிர்ப்பக்கம் நீண்ட தூரத்துக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பொறுமையோடும் சிறிது பிரார்த்தனையோடும் தொடங்க வேண்டும்.

அப்ப 70க்கு மேல ஓடக் கூடாதெண்டா ஸ்போர்ட்ஸ் கார் வெறும் சோக்குத்தானே?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. என் மைத்துனருடைய காரைவிட வேகமான வான்கள் இந்த ஊரில் பல ஓடுகின்றன. அந்தக் காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது அதன் நிறையும் அந்த நிறை பகிரப்பட்ட விதமும்தான். முழுக் காரும் ஒரு தொன்னுக்குக் குறைவு. இரண்டு பேர் ஏறியிருக்கும்போது முன் சில்லுகளிலும் பின் சில்லுகளிலும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பாரம் விழுகிறது. நான்கு சில்லுகளுக்கும் தனித்தனியே இரட்டைக் கைச் சஸ்பென்சன் உண்டு. இதன் பயனை 40இல் போகும்போதே உணரலாம். உட்துறைமுக வீதியின் வளைவுகளில் ஸ்ரியரிங்கை இரண்டு விரலளவு திருப்பினால் கார் அவ்வளவே திரும்பும். காரின் உடல் அதிகம் சாய்வதில்லை, திருத்திப் பிடிக்க வேண்டியதுமில்லை.

கேட்பவர்கள் எதிர்பார்க்காத செய்தி ஒன்று உண்டு. மைனரும் இதற்கு அவ்வளவு தூரத்து உறவு அல்ல. முன்னால் எஞ்சின், பின் சில்லில் இழுவை, குறைந்த நிறை என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. பற்சட்டமும் சிறுசக்கரமும் கொண்ட ஸ்ரியரிங் அமைப்பு 1948இல் மலிவான குடும்பக் காருக்குக் கிடைத்தது பெரிய விடயம். அதனால்தான் அக்காலத்து மற்றச் சலூன்களின் ஸ்ரியரிங் கஞ்சி கிண்டுவதுபோல் இருக்க, மைனருடையது இன்றும் கைக்குத் தெளிவாகப் பேசுகிறது. பின்பக்கத்தில் மட்டும் பழைய வில்தகடுகள். புல்மோட்டை வீதியில் குழி ஒன்று வந்தால் பின்னாசனத்தில் இருப்பவர் முதலில் அறிவார்.

குடும்பத்தோட போக எது வசதி?

மைனர். ரோட்ஸ்டரில் இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. பின்பெட்டியில் ஒரு பயணப் பையும் நான்கு இளநீரும் வைத்தால் நிறைந்துவிடும். கோணேசர் கோவிலுக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்றால் கேள்வியே எழாது. அம்மா ரோட்ஸ்டரில் ஒரேயொரு தடவை ஏறினார். இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

கச்சான் காத்து வீசுற மாசங்களில ரெண்டிலும் எப்பிடி இருப்பீங்கள்?

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வைகாசியிலிருந்து ஆவணி வரையான அந்த வறண்ட வெப்பத்தில் இரண்டுமே சுகமில்லை. மைனரில் குளிரூட்டி கிடையாது. ஆனால் முன் சாளரங்களின் மூலையில் உள்ள சிறிய முக்கோணக் கண்ணாடியை வெளியே திருப்பிவிட்டால், ஓடும் வரை காற்று நேராக முகத்துக்கு வரும். ரோட்ஸ்டரில் குளிரூட்டி இருக்கிறது. கூரையைத் திறந்து ஓட்டுவது படத்தில் அழகாகத் தெரியும். இங்கே காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் மட்டுமே அது இன்பம், இடையில் அது தண்டனை.

மைனர் பிறேக் பிடிக்குமா? பழைய கார் எண்டா அதுதான் பயம்.

பிடிக்கும், ஆனால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். நான்கு சில்லிலும் ட்ரம் பிறேக், உதவி விசை இல்லை, காலால் முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டும். ரோட்ஸ்டரில் நான்கு சில்லிலும் டிஸ்க் பிறேக் இருப்பதோடு, எண்ணெய்ப் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். மைனரில் ஒரே பாதைதான். எங்கு ஒழுகினாலும் நான்கு சில்லும் ஒன்றாகவே கைவிடும்.

இதை நான் உவர்மலை இறக்கத்தில் கற்றுக்கொண்டேன். முதல் நாள்தான் ஒரு கராஜில் பின்சில்லு சிலிண்டரின் இறப்பர் மாற்றப்பட்டிருந்தது. பழைய இறப்பரையே கழுவிப் போட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. பெடல் தரைவரை போய்விட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிறேக்கை மெல்ல இழுத்து, ஒரு மதிலின் அருகே நிறுத்தினேன். கைப்பிறேக் தனிக் கம்பியில் இயங்குவதால் தப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பிறேக் எண்ணெயைப் பார்க்கிறேன். அதன் பிரதான சிலிண்டர், மற்றக் கார்களைப்போல எஞ்சின் அறையில் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்பை விலக்கினால் தெரியும் மூடியின் கீழே இருக்கிறது. பத்து ஆண்டுகள் மைனர் வைத்திருந்தும் அந்த மூடியை ஒருமுறைகூடத் திறக்காதவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

கடற்கரை ஊர். உப்புக்காத்துக்கு எது தாங்கும்?

இந்தத் தொகுப்பில் மிக முக்கியமான கேள்வி இதுதான். குதிரைவலுவைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேராவது இதைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டு கார்களுக்கும் தனியான அடிச்சட்டம் கிடையாது, தகர உடலே பாரத்தைச் சுமக்கிறது. ஆகவே கறள் என்பது அழகுப் பிரச்சினை அல்ல. அது எலும்பைத் தின்னும் நோய். மைனரில் தகரம் தடிப்பு, ஆனால் 1960களில் உட்பகுதிகளுக்கு இன்றைய பாதுகாப்புப் பூச்சு கிடையாது. முன் அடித்தண்டுகள், கதவுகளின் கீழுள்ள பெட்டி, பின் வில்தகடு கொளுவும் இடம், ஜாக் வைக்கும் இடம் ஆகியவற்றைக் குனிந்து பார்த்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இடம் பலகையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பெயின்ற் பளபளப்பாக இருப்பது எதற்கும் சான்று அல்ல.

ரோட்ஸ்டரின் நோய் வேறு வகையானது. துணிக்கூரையில் விழும் மழைநீர், ஆசனங்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள சிறிய துளைகள் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். வேப்பமரத்தின் கீழ் நிறுத்தப்படும் காரில் அந்தத் துளைகளைச் சருகு அடைத்துவிடும். ஐப்பசியில் தொடங்கும் மாரிமழையில் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, பின் சில்லுக்கு முன்னால் உள்ள பகுதியை உள்ளிருந்து தின்னும். வெளியில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் முடிந்திருக்கும். மைத்துனர் ஒவ்வொரு புரட்டாசியும் வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அந்தத் துளைகளில் விட்டுத் துடைக்கிறார். ஒருமுறை உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் ஓர் ஓணானின் எலும்புக்கூடும் வந்தன.

இரண்டுக்கும் பொதுவான மருந்து நல்ல தண்ணீர். நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணலில் நிறுத்திவிட்டு வந்தால் அன்றே அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். கிணற்று நீர் உவர் என்றால் அதனால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

மழைவெள்ளம் நிக்கிற ரோட்டில எதைக் கொண்டுபோகலாம்?

தேவையென்றால் மைனரை. அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ரோட்ஸ்டர் அதைவிட வெகுவாகத் தாழ்வு, சில வேகத்தடைகளையே அது குறுக்காக ஏறி இறங்குகிறது. ஆயினும் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் மைனரின் டிஸ்றிபியூற்றருக்குள் ஈரம் புகுந்தால் நடு வீதியில் நின்றுவிடும் என்பதால், முழங்கால் ஆழம் என்று யாராவது சொன்னால் நான் திரும்பிவிடுவேன்.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? பழைய எஞ்சினுக்கு இப்பத்தைப் பெற்றோல் சரிவருமா?

எங்கள் கணக்கில் மைனர் லீற்றருக்கு 13 கிலோமீற்றரை ஒட்டியும், ரோட்ஸ்டர் 10 அல்லது 11ம் ஓடுகின்றன. 2022இல் கியூ.ஆர். அட்டை மூலம் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட காலத்தில் இந்த வித்தியாசம் உண்மையாகவே தெரிந்தது. ரோட்ஸ்டர் பல வாரங்கள் போர்வைக்குள் இருந்தது.

இரண்டாவது கேள்வி நியாயமானது. மைனரின் வார்ப்பிரும்புத் தலைப்பகுதியில் வால்வு அமரும் இடம், ஈயம் கலந்த பெற்றோலை நம்பி அமைக்கப்பட்டது. இலங்கையில் 2002இல் ஈயம் நீக்கப்பட்டது. ஈயமின்றி நீண்ட நேரம் வேகமாக ஓடினால் வால்வு மெல்ல மெல்லத் தலைக்குள் அமிழும், வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையிலான இடைவெளி சுருங்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு: வால்வுச் சத்தம் குறையும், எஞ்சின் முன்னைவிட அமைதியாகிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்வார். குளிர்ந்த எஞ்சினில் 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளி அடிக்கடி சுருங்குகிறதென்றால், தலையைக் கழற்றிக் கடின உலோக இருக்கைகள் பொருத்துவதே தீர்வு. நகரத்துக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது அவசரமில்லை. ரோட்ஸ்டருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

சாமான் எடுக்கலாமா? திருமலையில திருத்த ஆள் இருக்கா?

மைனரைத் திருத்த ஆள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வயதாகிறது. சாமான்களுக்கு நான் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன். கிடைக்காத இறப்பர் சாமான்கள் பிரித்தானியாவிலிருந்து தபாலில் வருகின்றன. அறுபது ஆண்டுப் பழைய காருக்குப் புதிய சாமான் இன்றும் உற்பத்தியாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ரோட்ஸ்டரின் எஞ்சின் மாஸ்டா 323 ஃபமிலியா எஞ்சினின் உறவு என்பதால் உள்பாகங்கள் பல பொருந்தும்; கூரைத் துணி, விளக்கை மேலே தூக்கும் மோட்டார் போன்றவைதான் காத்திருக்க வைக்கும். இரண்டுக்கும் சில்லு 14 அங்குலம். ரயரின் அகலம் வேறு என்பதால் ஒன்றினது மற்றதற்குப் பொருந்தாது.

அண்ணா, மைனருக்கு போன் சார்ஜர் போட்டன், உடனே எரிஞ்சு போச்சு. ஏன்?

மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் எதிர்முனை. உலோக உடல் கொண்ட சார்ஜரை அப்படியே பொருத்தினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். முழுக் காரையும் எதிர்முனைக்கு மாற்றலாம். பற்றரி இணைப்பையும் சுருள் இணைப்பையும் மாற்றி, டைனமோவை மறுபடி துருவப்படுத்த வேண்டும். செய்தால், யார் பார்த்தாலும் தெரியும்படி பற்றரிக்கு அருகில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையேல் அடுத்த மெக்கானிக் பழையபடி இணைத்துவிடுவார்.

இதே வகையில் இன்னொரு சந்தேகமும் வரும்: சாவியைத் திருப்பியவுடன் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி. அது மின் பெற்றோல் பம்ப். கார்புரேற்றர் நிறைந்ததும் ஒலி நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் பெற்றோல் முடிந்துவிட்டது அல்லது எங்கோ ஒழுகுகிறது. இரண்டாவதாக இருக்கக்கூடும் என்று எண்ணி முதலில் சாவியை அணையுங்கள்.

மைனரில முன்சில்லு திடீரெண்டு மடங்கி விழும் எண்டு சொல்லுறாங்கள், உண்மையா?

உண்மை. முன்சில்லைத் தாங்கும் அச்சின் கீழ்முனை ஒரு மரைக்குள் சுழல்கிறது. அந்த மரைக்குக் கிறீஸ் கிடைக்காவிட்டால் தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு பக்கவாட்டில் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நடக்கும் என்பது ஒரு சிறு ஆறுதல். நான் 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன். அடிக்கும்போது பழைய கிறீஸ் வெளியே வர வேண்டும், வராவிட்டால் கிறீஸ் ஏற்றும் நிப்பிள் அடைபட்டிருக்கிறது.

ரோட்ஸ்டரில் இதற்கு இணையான பயம் எது என்று கேட்பவர்களுக்கு: 1990, 1991 தொடக்கக் காலக் கார்களில் கிராங் தண்டின் முன்முனை குட்டையானது, அங்கே கப்பி தளர்ந்து ஆடினால் தண்டே கெடும். டைமிங் பெல்ற் அறுந்தால் 1.6 எஞ்சினில் வால்வு பிஸ்டனில் மோதாது. கார் நிற்கும், அவ்வளவுதான். அதற்காக 100,000 கிலோமீற்றரில் மாற்றாமல் விடுவது கெட்டித்தனம் அல்ல.

மைனருக்கு யப்பான் எஞ்சின் போட்டா ரெண்டு காரின்ர நன்மையும் ஒண்டில கிடைக்காதா?

கிடைக்காது. பிறேக் பற்றிய பதிலை இன்னொருமுறை வாசியுங்கள்: 48 குதிரைவலுவுக்கு அளந்து கொடுக்கப்பட்ட ட்ரம்களை வைத்துக்கொண்டு இரட்டிப்பு வலுவை முன்னால் வைப்பது எவ்வகையிலும் முறையல்ல. பிறேக், பின் அச்சு, சஸ்பென்சன் மூன்றையும் மாற்றிய பிறகே எஞ்சினைப் பற்றிப் பேசலாம். அதற்குள் செலவு ஒரு நல்ல ரோட்ஸ்டரின் விலையை நோக்கிப் போய்விடும். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். திருத்தாத காரை விற்கவும் முடியாது, விபத்தானால் காப்புறுதியும் சிக்கலாகும்.

ஒண்டுதான் வாங்க ஏலும். எது வாங்க?

வீட்டில் ஓடுவதற்கு வேறொரு வாகனம் இருந்தால், பழகும் ஆசையும் கையை அழுக்காக்கும் விருப்பமும் இருந்தால், மைனர். ஓட்டுவதில்தான் இன்பம், திருத்துவதில் இல்லை என்றால் ரோட்ஸ்டர். எனக்கு என்று கேட்டால், மைனரைத்தான் வைத்துக்கொள்வேன். அப்பாவின் கார் என்பதற்காக மட்டுமல்ல, வீதியோரத்தில் நான்கு ஸ்பானர்களையும் ஒரு கம்பித் துண்டையும் கொண்டு என்னால் உயிர்ப்பிக்கக்கூடிய கார் அது ஒன்றே. பற்றரி இறந்தாலும் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றலாம். மைத்துனர் இதை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாகச் செய்த காரை வீதியோரத்தில் திருத்த வேண்டியே வராது என்பது அவர் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த எந்த வாகனமும் விலை ஏறியது; அந்தக் காலத்து விலையை இன்றும் ‘விண்டேஜ்’ என்ற சொல்லைச் சொல்லிக் கேட்பவர்களிடம் அவசரப்பட வேண்டாம். கறள் பற்றிய பதிலில் சொன்ன இடங்களைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கவே வேண்டாம்.

கொழும்புக்கு எதில போவீங்கள்?

இரண்டிலும் போயிருக்கிறோம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ரோட்ஸ்டரில் மைத்துனர் ஆறு மணிநேரத்துக்குள் போய்விடுகிறார், இறங்கும்போது இடுப்பு மட்டும் முறையிடும். மைனரில் 60ஐத் தாண்டாமல், குருநாகலில் தேநீரும் ரேடியேற்றருக்குத் தண்ணீரும் என்று எட்டு மணிநேரம் ஆகும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரே விதி கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான காட்டுப் பகுதிக்கானது. மைனரின் விளக்கு டைனமோவை நம்பியது, மெதுவாகப் போகும்போது மஞ்சளாகச் சோர்ந்துவிடும். ரோட்ஸ்டரில் அமர்ந்தால் கண்கள் யானையின் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே விடிந்த பிறகே கந்தளாயைத் தாண்டுகிறோம். திரும்பி வரும்போது மாலை நான்கு மணிக்குள் ஹபரணையைக் கடக்க முடியாதென்று தெரிந்தால் தம்புள்ளையிலேயே தங்கிவிடுகிறோம்.